அட்டையில் வெட்டிய ஆள்

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஸ்டுடியோவில் யாரும் எதுவும் வரையவில்லை. கட்டடக்கலை முதலாண்டுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து, வெட்டாமல் ஒட்டாமல், மடித்து மட்டும் ஓர் 'உள்ளே' செய்யச் சொன்னேன். சொன்னேன் என்று எழுதுவது கொஞ்சம் அதிகம். பலகையில் எழுதிவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன்.

முக்கால்வாசிப் பேர் பெட்டி செய்தார்கள். ஒரு பெண் மட்டும் பெட்டியைச் செய்து முடித்த பிறகு, "ஏன் மிஸ், உள்ளன்னா மூடித்தான் இருக்கணுமா?" என்றாள். எதை ஆரம்பித்தாலும் 'ஏன் மிஸ்' என்றுதான் ஆரம்பிக்கிறாள். மனசுக்குள் அவளுக்கு ஏன்மிஸ் என்றே பெயர் வைத்தாகிவிட்டது. கடைசி மேசைப் பையனுக்குக் கொட்டாவி என்று பெயர். அதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை.

இன்றைய ஆச்சரியம் கொட்டாவிதான். அட்டையை நடுவில் ஒரே ஒரு மடிப்பு மடித்து, வாழ்த்து அட்டை மாதிரி நிறுத்தினான். பின்னால் ஆள்காட்டி விரலை வைத்தான். "முடிஞ்சுது மிஸ்."

பக்கத்து மேசையில் சிரிப்பு. ஏன்மிஸ் விடவில்லை. "இது எப்படிடா உள்ள? மூணு பக்கம் தொறந்து கெடக்கு."

"ஜன்னல் வெளிச்சம் இந்தப் பக்கம் வருது. என் விரல் அந்தப் பக்கம் நிழல்ல இருக்கு. விரலைக் கேட்டுப் பாரு. அது உள்ளதான் இருக்கு."

சோம்பேறித்தனத்தில் சொன்னானா, நிஜமாகவே பார்த்துச் சொன்னானா? எதுவானால் என்ன, சரியாகத்தான் சொன்னான். ஒரு மடிப்பு போதும், ஒரு பக்கம் ஒதுங்குமிடம் ஆகிவிடுகிறது. எனக்கு அதைப் பற்றி எவ்வளவோ சொல்லத் தோன்றியது. வாயிலிருந்து வந்தது "ம்".

ஜூலை 10, வியாழன்

முதலாண்டுப் பொறுப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஆறடிக்கு மேல் உயரம். பிள்ளைகள் அவரை ஏணி சார் என்கிறார்கள். எனக்கும் என்றைக்காவது வாய் தவறி வந்துவிடப் போகிறது. நான் அவருக்கு உதவி ஆசிரியர், புதுசு.

"நல்லாத்தான் யோசிக்கிறீங்கம்மா. ஆனா நீங்க பேசறது பக்கத்து மேசைக்கே போகல."

"சரிங்க சார்."

"பாருங்க, இப்பச் சொன்னதுகூட எனக்குக் கேக்கல."

விஷயம் இதுதான். அடுத்த வருஷம் அவர் கடைசியாண்டு மாணவர்களுக்குப் போகிறார். முதலாண்டு ஸ்டுடியோவைத் தனியாக எடுத்து நடத்த ஓர் ஆள் வேண்டும். "உங்ககிட்ட விடலாமான்னு இந்தப் பருவம் முழுக்கப் பாப்பேன். சரிப்படலைன்னா ஆவணப் பிரிவுல ஒரு இடம் இருக்கு. அமைதியான வேலை. உங்களுக்கு ஒத்துவரும்."

ஆவணப் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து எண் போட்டு அடுக்க வேண்டும். அவர் மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லாரும் எனக்கு அமைதியான மூலையாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுக்கிறார்கள், நானும் நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

எனக்கு இந்த ஸ்டுடியோ வேண்டும். பசை வாசனையும் அட்டைத் துணுக்கும் பதினெட்டு விதமான தப்பும் வேண்டும். யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவுக்கு இன்று ஓய்வு. பேருந்து நடத்துநர். முன்படியில் நின்று சொன்னால் கடைசி இருக்கைக்குக் கேட்கும். அந்தக் குரலில் எனக்குக் கொஞ்சம் வந்திருக்கலாம், மொத்தமும் தம்பிக்குப் போய்விட்டது.

"அந்தக் காலேஜ்ல என்னதாம்மா சொல்லிக் குடுக்கற? வீடு கட்டவா?"

"இப்ப இல்லப்பா. முதல்ல செவுத்துக்கு நடுவுல இருக்கற காலி இடத்தைப் பாக்கறதுக்கு."

"காலி இடத்துக்கு எதுக்கு வாத்தியார்?"

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "காலி இடத்துல டிகிரி வாங்கின மொத ஆளு நம்ம பரம்பரையிலதான்பா இருக்கு. பெருமைப்படுங்க."

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு நாள் முழுக்க வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே அறை, நாலு பேர். அப்பா சீருடை மாற்ற வேண்டுமென்றால் பீரோக் கதவைத் திறக்கிறார். திறந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் அறை வந்துவிடுகிறது. மூடினால் போய்விடுகிறது. அம்மா அத்தையோடு போனில் ரகசியம் பேசும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவள் முதுகுதான் சுவர். அந்த நேரம் நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. யார் இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?

ஐந்து வருஷம் படித்தபோது ஒரு தடவைகூட என் வீட்டை நான் ஓர் இடமாகப் பார்க்கவில்லை. மறைக்க வேண்டிய முகவரியாகத்தான் பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

பேச வராதவளுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது.

பிள்ளைகள் தாங்கள் செய்த அட்டை மாடலை மேலிருந்தே பார்க்கிறார்கள், காக்கா பார்ப்பது மாதிரி. கூரையைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இன்று ஒரு மேசைப் பக்கம் முட்டிபோட்டு, மாடலின் வாசலில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான், பிறகு அவனும் முட்டிபோட்டு எதிர் ஜன்னலில் கண்ணை வைத்தான். அட்டை அறைக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மிஸ், நீங்க ரொம்பக் கிட்டக்க இருக்கீங்க" என்று பின்வாங்கினான். பிறகு அவனே, "அப்ப ரூம் ரொம்பச் சின்னதா மிஸ்?" என்றான்.

என்னைப் பேசவிடாமல் அவனே கண்டுபிடித்துவிட்டான். மத்தியானத்துக்குள் வகுப்பில் பாதிப் பேர் தரையில் முட்டிபோட்டிருந்தார்கள். கதவு வழியாக எட்டிப் பார்த்த ஏணி சார், "என்னம்மா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 22, செவ்வாய்

புதுப் பயிற்சி. ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேர் காத்திருக்க ஓர் இடம். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சொன்ன மறு நிமிஷம் எல்லாரும் அளவுக் கையேட்டைத் திறந்துவிட்டார்கள். கதவு இவ்வளவு, இருக்கை இவ்வளவு, ஜன்னலுக்கு அடிச்சுவர் தொண்ணூறு சென்டிமீட்டர். ஏன் தொண்ணூறு என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "புக்ல இருக்கு மிஸ்." அந்த ஜன்னல் வழியாக யார் எதைப் பார்ப்பார்கள்? "அது புக்ல இல்ல மிஸ்."

ஏணி சாரிடம் போய், இந்தப் பயிற்சி முடியும்வரை கையேடு வேண்டாம், எண் வேண்டாம், அட்டையில் ஒரு மனித உருவம் வெட்டித் தருகிறேன், அதை உள்ளே நிறுத்தியும் உட்காரவைத்தும் பார்த்தே எல்லா அளவையும் முடிவு செய்யட்டும் என்றேன். மூன்று தரம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"செஞ்சு பாருங்க" என்றார். "ஆனா பொறுப்பு உங்களுது."

ஜூலை 27, ஞாயிறு

ஆளை வெட்டியாகிவிட்டது. இருபதில் ஒரு பங்கு அளவு. கையேட்டிலிருக்கும் விறைப்பான உருவத்தைப் பார்த்து வெட்டப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கையேடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே அதைப் பார்ப்பதா? தம்பியை நிற்கச் சொன்னேன், இரண்டு நொடி நின்றான். அதனால் நானே கதவோரம் நின்றேன், அவனை அளக்கச் சொன்னேன். உச்சந்தலை, கண், முழங்கை, உட்கார்ந்தால் கண், முழங்கால்.

"மூச்சை விடுக்கா. ஜெயில்ல போட்டோ எடுக்கற மாதிரி நிக்கற."

முகம் கிடையாது. இடுப்பிலும் முழங்காலிலும் மடிக்கலாம். நின்றால் ஏழரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேசைமேல் நிறுத்திப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் டம்ளர் ஒரு கட்டடம் மாதிரி இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

பதினெட்டுப் பேரும் ஆளை வைத்து வரைந்து வெட்டிக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் ஒருவருக்கு மீசை வந்துவிட்டது. ஒருவர் கையில் பை. கொட்டாவியின் ஆள் மட்டும் நாள் முழுக்க மல்லாக்கப் படுத்தே கிடந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இது என்ன மாயம் என்று தெரியவில்லை. எண்ணை எடுத்துவிட்டு ஆளைக் கொடுத்ததும் பிள்ளைகள் பேசும் விதமே மாறிவிட்டது. இரண்டு வாரம் முன்னால் "இருக்கை நாற்பத்தஞ்சு மிஸ்." இந்த வாரம் "இவருக்குக் கால் வலிக்கும் மிஸ், ரொம்ப நேரமா நிக்கறார்." ஒரு பையன் தன் ஆளின் முகத்தில் வெயில் படுகிறது என்று கூரையை நீட்டிக்கொண்டிருந்தான். வெயில் என்பது மேசை விளக்கு.

நான் கேள்வி மட்டும் கேட்கிறேன். இவர் முதலில் எதைப் பார்ப்பார்? பையை எங்கே வைப்பார்? இரண்டாவது ஆள் வந்ததும் இவர் நகர்ந்து உட்காருவாரா? குரல் சின்னதாக இருந்தாலும் கேள்வி என்றால் காதைக் கிட்டே கொண்டுவருகிறார்கள். இது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வகுப்பில் ஓட்டெடுப்பு. பதினெட்டில் ஒன்றை அட்டையும் மரச்சட்டமும் வைத்து நிஜ அளவில் கட்டப்போகிறோம். ஏன்மிஸ்ஸின் வடிவமைப்பு ஜெயித்தது.

அவளுடையது மருத்துவமனையில் காத்திருக்கும் இரண்டு பேருக்கான இடம். ஒரே நீள இருக்கை, எதிரே ஒரே நீளச் சுவர். சுவரில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நாலு விரல் அகலத்துக்குக் கிடைமட்டமாக ஒரு பிளவு. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும்.

"ஏன் மிஸ், தெரியாதவங்ககிட்ட உட்கார்ந்தா எங்க பாக்கறதுன்னே தெரியாதில்ல? அவங்களைப் பாத்தாலும் தப்பு, பாக்காட்டியும் தப்பு. ரெண்டு பேருக்கும் பாக்க ஒரே விஷயம் இருந்துட்டா?"

பஸ்ஸிலும் லிஃப்டிலும் நான் பட்ட அவஸ்தையெல்லாம் அவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஆகஸ்ட் 14, வியாழன்

ஏணி சார் அடுத்த வியாழக்கிழமை வந்து பார்க்கிறாராம். அதை வைத்து என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறாராம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெரிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, தரையில் படுக்கவைத்து, மாடலை அளந்து இருபதால் பெருக்கி வெட்டினோம். படுத்தபடியே இருந்ததால் அது எவ்வளவு பெரிசு என்று யாருக்கும் தெரியவில்லை. வியாழன் காலையில்தான் நிமிர்த்தப் போகிறோம். சார்தான் முதலில் உள்ளே போக வேண்டுமென்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். நானும் சரி என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதினால்தான் ஆறும்.

காலையில் நிமிர்த்திக் கட்டினோம். கீழ்த்தள வராந்தாவில், இரண்டு தூணுக்கு நடுவில். அழகாகத்தான் இருந்தது. ஏணி சார் வந்தார், கூட இரண்டு ஆசிரியர்கள். ஏன்மிஸ் வாசலைக் காட்டி, "போங்க சார்" என்றாள். சார் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். நெற்றி மேல்சட்டத்தில் 'ணங்'கென்று மோதியது. அட்டைச் சுவர் முழுக்க ஒரு குலுங்கு குலுங்கியது.

அவர் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். வெளியே நின்ற எங்களுக்குப் பிளவு வழியாக அவருடைய கழுத்து தெரிந்தது. கழுத்து மட்டும். சட்டைக் காலர், அதற்குமேல் தொண்டை, தொண்டை ஏறி இறங்குவது. முகத்துக்கு நேரே வெறும் அட்டை.

"இதுல நான் எதைம்மா பாக்கணும்?" என்றது கழுத்து.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி, அது இருமலாகி, அடங்கவே இல்லை.

வெளியே வந்து நெற்றியைத் தடவிக்கொண்டு, "யாரு அளந்தது?" என்றார். ஏன்மிஸ் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மிஸ் குடுத்த ஆளை வச்சுத்தான் சார் எல்லாரும்..." ஒருத்தன் அந்த அட்டை ஆளைக் கொண்டுவந்து நீட்டினான். மீசை வைத்த ஆள். சார் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "ஏழு புள்ளி நாலு. நூத்து நாப்பத்தெட்டு வருது. யாரு இது? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"அது நான் சார்" என்றேன்.

எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பதினெட்டுப் பேரும் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்கள். பாதத்துக்கு அடியில் தரை இல்லாத மாதிரி இருந்தது.

நான் குட்டை என்பது எனக்குத் தெரியாதா? பேருந்தில் கம்பி எட்டாது, கடையில் மேல்தட்டுச் சாமானை யாரையாவது எடுத்துத் தரச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு வெட்டும்போது 'ஆள்' என்று மட்டும்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் இந்த உயரம்தான். கதவு, கண்ணாடி, ஆணி, எல்லாம் இந்த உயரத்துக்குத்தான். மனுஷன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று... அட கடவுளே, ஐந்து வருஷம் படித்தவள் செய்கிற வேலையா இது?

"கட்டடத்துல இப்படிச் செஞ்சா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. "முடிவை இப்ப சொல்லல. இதை என்ன பண்றீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

எல்லாரும் போனபிறகு நடந்தது இது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் தனியாக உள்ளே போய் உட்கார்ந்தேன். தலை இடிக்கவில்லை. கால் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்தன. முதுகு சாய்ந்தது. பிளவு சரியாகக் கண்ணுக்கு நேரே வந்தது. வராந்தா, படிக்கட்டு, மிதிவண்டி நிறுத்தம், அதற்கப்பால் ஒரு மரம். எல்லாம் ஒரே நீள நாடா மாதிரி.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எனக்குக் கால் தொங்கும். அதை இன்றுவரை கவனித்ததே இல்லை, தொங்காமல் இருந்தபோதுதான் தெரிந்தது. மற்றவர்களுக்கு எப்போதும் இப்படித்தான் இருக்குமா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

அப்பா கேட்டார். சொன்னேன். கழுத்து வரைக்கும் வந்தபோது அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு, "அப்ப வேலை?" என்றார்.

"தெரியலப்பா."

"கீழ்த்தளத்துக்கு அனுப்பிடுவாங்களா?"

"அனுப்பலாம்."

கொஞ்ச நேரம் டிக்கெட் பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உனக்கு எது வேணும்னு அவர்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பிரித்துப் போட்டுவிடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அது ஏன் இப்படி ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய் உட்காருங்கள், கண்ணுக்கு நேரே சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள் என்றேன். நானும் போட்டேன். காவலாளியைக் கூப்பிட்டு அவரையும் போடச் சொன்னோம். துப்புரவு செய்யும் அக்கா, "எதுக்கு, கல்யாணத்துக்கு அளவெடுக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

கடைசியில் பார்த்தால் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கும் அதிகமாக ஒரே கோடு, ஏணிப்படி மாதிரி. எல்லாவற்றுக்கும் கீழே என் கோடு.

"அப்ப எந்தக் கோட்டுல வெட்டறது?" என்று கொட்டாவி கேட்டான்.

"நடுவுல" என்றான் ஒருத்தன்.

"நடுக் கோட்டுல வெட்டினா எத்தனை பேருக்குத் தெரியும்னு எண்ணிப் பாருங்க" என்றேன். எண்ணினார்கள். நாலு பேர்.

"ஏன் மிஸ், பிளவை அகலமாக்கிட்டா?" ஆக்கிப் பார்த்தோம். வெளியே போகிறவர்களுக்கு உள்ளே இருப்பவரின் முகம் முழுசாகத் தெரிந்தது. காட்சிப்பெட்டியில் உட்கார்ந்த மாதிரி. அவளுக்கே பிடிக்கவில்லை.

பிறகுதான் அவள் பென்சிலை எடுத்து, என் கோட்டிலிருந்து ஆரம்பித்து மறு முனைக்குச் சாய்வாக ஒன்றை இழுத்தாள். பிளவே சாய்ந்திருக்கட்டும். இருக்கையில் நகர்ந்துகொண்டே போனால் அவரவர் கண்ணுக்கு எங்கே வருகிறதோ அங்கே உட்கார்ந்துகொள்ளட்டும்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கொட்டாவிக்கு இல்லை. "ரெண்டு பேரும் ஒரே உயரமா இருந்தா? ஒருத்தர் மடியில ஒருத்தரா?"

வராந்தாவே அதிர்ந்தது. சிரித்து ஓய்ந்ததும் யோசித்தோம். நடுவில் உயர்ந்து இரண்டு முனைக்கும் சரிந்தால்? அப்போது ஒவ்வொரு உயரத்துக்கும் இரண்டு இடம் கிடைக்கும். "அப்ப உயரமானவங்க நடுவுல நெருங்கி உட்காரணும்" என்று நெட்டைப் பையன் ஒருத்தன் குறைபட்டான். "உட்காருங்க. உங்களுக்கு மத்த எடமெல்லாம் வசதியாத்தான் இருக்கு" என்றேன்.

நானா சொன்னேன்? பதினெட்டுப் பேருக்கு நடுவில் நின்று? வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

என் ஆளை ஓய்வுக்கு அனுப்பியாகிவிட்டது. ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவரை அளந்து ஆள் வெட்டி வரச் சொன்னேன். சக்கர நாற்காலியில் ஓர் அத்தை வந்திருக்கிறார். இடுப்பில் குழந்தையோடு ஓர் அண்ணி, இரண்டும் ஒரே அட்டையில். கொட்டாவி கொண்டுவந்தது படுத்திருக்கும் ஆள். அவன் அப்பாவுக்கு ராத்திரி வேலை. பகலில் ஒரே அறையில் அவர் தூங்க, மற்றவர்கள் சத்தமில்லாமல் வாழ வேண்டும். அதனால் அவன் வீட்டுப்பாடத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து செய்கிறான், விடிவதற்கு முன்னால்.

இனிமேல் அவனை அந்தப் பெயரில் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஏணி சார் வந்தார். வாசலில் நின்று மேல்சட்டத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தார். பிள்ளைகள் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு முனையில் உட்கார்ந்தார். சாய்த்து வெட்டிய பிளவு கண்ணுக்கு வரவில்லை. நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். நடுவுக்கு வந்ததும் நின்றார். வெளியிலிருந்து அவர் கண் இரண்டும் தெரிந்தன. ஏன்மிஸ் மறு முனையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் மிதிவண்டி நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட ரொம்ப நேரம்.

வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுவாரசியமாத்தான் இருக்கு. ஆனா நியம அளவுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நாளைக்கு இந்தப் பசங்க படிக்கட்டு போடணும், கைப்பிடி போடணும். அங்க வந்து ஒவ்வொருத்தரையா உட்காரவெச்சுக் கோடு போட முடியுமா?"

"முடியாது சார்."

"அப்ப?"

அவர் சொன்னது நியாயம். அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன். அடுத்த வாரம் கையேட்டைத் திரும்பக் கொடுக்கப் போகிறேன், ஆனால் இப்போது அதைத் திறந்தால் இது யாருடைய உடம்பு என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியோடு படிக்கட்டு போட்டால் போதும் என்று நினைக்கிறேன் என்றேன். பிறகு, நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க வராது என்று தெரிந்ததால், நிறுத்தாமல் சொன்னேன்: "எனக்கு ஆவணப் பிரிவு வேண்டாம் சார். இந்த ஸ்டுடியோதான் வேணும். நான் செஞ்சது தப்பு. ஆனா இந்தத் தப்பைப் பத்தி எனக்கு இன்னும் நிறையத் தெரிஞ்சுக்கணும். பசங்களோட சேர்ந்துதான் அது முடியும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். குனிந்துதான் பார்க்க வேண்டும், பாவம்.

"ம்" என்றார்.

இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? இத்தனை நாள் பிள்ளைகள் என் 'ம்'மை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பார்கள்?

செப்டம்பர் 9, செவ்வாய்

கையேட்டைத் திரும்பக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே வகுப்பு நின்றுவிட்டது. "ஏன் மிஸ், இந்தப் படத்துல இருக்கறவரு யாரு?"

நவம்பர் 20, வியாழன்

பருவத்தின் கடைசி ஜூரி. பிள்ளைகள் தங்கள் வேலையைச் சுவரில் மாட்டி, வெளியிலிருந்து வந்தவர்களின் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். எல்லாம் நன்றாக வரவில்லை. ஒரு படிக்கட்டு சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் அழுதார்கள். ஆனால் யாருமே 'புக்ல இருக்கு' என்று சொல்லவில்லை.

சார் தன் முடிவை இன்னும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன?

நவம்பர் 21, வெள்ளி

கேட்டேன்.

ஜூலை 7, செவ்வாய்

ரொம்ப நாளாயிற்று எழுதி, ஏழு மாசத்துக்கு மேல்.

இன்று சீக்கிரமே போய்விட்டேன். ஸ்டுடியோ காலியாக இருந்தது. முன்னால் நின்று பார்த்தேன், பிறகு பின்மேசையிலிருந்து பலகை எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாமென்று அங்கே போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். தோளில் நீளமான காகிதக் குழாயோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"நீயும் ஃபர்ஸ்ட் இயரா?"

"ஆமா, முதலாண்டுதான்."

"ஒரு மிஸ் தனியா எடுக்கறாங்களாம். எப்படி இருப்பாங்களாம், தெரியுமா?"

"தெரியல. அதைப் பாக்கத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அவள் பக்கத்து முக்காலியில் பாதி உட்கார்ந்து, முன்வாசலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இங்க உட்கார்ந்தா அவங்க கண்ணுல படுமா?"

"படாம இருக்கணுமா?"

"மொத நாளாச்சே. ஏதாவது கேட்டுட்டா?"

நான் அறையை ஒருமுறை பார்த்தேன். "அந்தத் தூணுக்குப் பின்னாடி ஜன்னலை ஒட்டி ஒரு மேசை இருக்கு பாரு. அங்கேருந்து உனக்கு எல்லாம் தெரியும். உன்னை யாருக்கும் தெரியாது. வெளிச்சமும் நல்லா இருக்கும்."

அவள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தே கட்டைவிரலை உயர்த்தினாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அறை நிறைந்தது. நான் எழுந்து முன்னால் போனேன். தூணுக்குப் பின்னாலிருந்து காகிதக் குழாய் கீழே விழும் சத்தம் கேட்டது.

வேறு பயிற்சி தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதைப் பைக்குள் வைத்துவிட்டேன். எல்லாரும் எழுந்திருங்கள், இந்த அறையில் என் கண்ணில் படாமல் இருக்க ஓர் இடம் கண்டுபிடியுங்கள் என்றேன். முதலில் நம்பவில்லை. பிறகு ஒரே ஓட்டம். மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், அலமாரி இடுக்கில், ஒரு பையன் பலகைக்குப் பின்னால், என் முதுகுக்கு நேரே.

கொஞ்ச நேரத்தில் என் எதிரே ஒருவரும் இல்லை. நான் ஒவ்வொரு இடமாகப் போய், குனிந்து, இங்கே ஏன் என்று கேட்க ஆரம்பித்தேன்.